சொட்டும் படகுகளை விற்றவன்

வெர்னன் ஆஸ்க்யூ மொத்தம் பன்னிரண்டு படகு விற்றான். அதில் பதினொன்று ஏதாவது ஓரிடத்தில் சொட்டும், இல்லையென்றால் திணறும், அதுவும் இல்லையென்றால் நடுவழியில் நின்று அடம்பிடிக்கும். இதை நான் ஸ்டோக்ஃபோர்ட் கால்வாய்த் துறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருமுறை மதுக்கடையில் கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எல்லோர் வாயையும் மூடவைத்துவிட்டுச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் நெவில். துறையில் படகுகளைப் பழுதுபார்க்கும் தொட்டி என்னுடையது. படகை உள்ளே விட்டு, தொட்டியின் வாயைப் பலகை போட்டு அடைத்து, தண்ணீரை வடித்துவிட்டால், எழுபதடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அந்த ஒல்லிப் படகு கட்டைகள் மேல் மெதுவாக உட்காரும். அப்போதுதான் அதன் வயிறு வெளியே தெரியும். மேலே அலங்காரத்துக்கு எத்தனை கோட்டைகளும் ரோஜாக்களும் வரைந்திருந்தாலும் எனக்கு அக்கறையில்லை. நான் சுத்தியலோடு கீழே இறங்குவேன். தட்டினால் இரும்பு பேசும். தேய்ந்த இடத்தில் தகரடப்பா மாதிரிச் சத்தம் வரும். முப்பது வருடமாகப் படகுகளின் வயிற்றைப் பார்த்ததில், மனிதர்களின் வயிற்றில் இருப்பதும் எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம் வந்திருந்தது. அந்தக் கர்வத்துக்குத்தான் பிறகு ஆப்பு விழுந்தது.

வெர்னன் கோவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் கடைசல் வேலை பார்த்தவன். தொழிற்சாலையை மூடினார்கள். அதே வருடம் அவன் அம்மா இறந்தாள். அம்மா பெயரில் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். கையில் வந்த தொகையில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள், கடை வைத்தார்கள். இவன் பாதி மூழ்கிக் கிடந்த ஒரு பழைய சரக்குப் படகை வாங்கினான். நிலக்கரி ஏற்றுவதற்காக உலகப் போருக்கு முன்னால் கட்டியது. அதற்குள் ஒரு மரம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டு என் தொட்டிக்கு வந்தபோதுதான் அவனை முதலில் பார்த்தேன்.

"மரத்துக்கும் சேர்த்தா விலை குடுத்த?" என்று கேட்டேன்.

"இல்ல. மரத்தைச் சும்மா குடுத்தாரு," என்றான், முகத்தில் ஒரு கோடு கூட அசையாமல்.

அவனுக்கு நகைச்சுவை உண்டா இல்லையா என்பதை அன்று முதல் இருபத்தேழு வருடமாக என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

ஒரு படகைச் சரியாக்க அவனுக்கு இரண்டு வருடம் ஆகும். அடித்தகடு முழுவதையும் மாற்றுவான். தகடுகளைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியாகப் பார்ப்பான். பின்பக்கத்தில் ஒன்பதடியில் ஓர் அறை இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு குடும்பமே அதற்குள் பிள்ளை பெற்று வளர்த்தது. மடக்குக் கட்டில், மடக்கு மேசை, கரியடுப்பு, பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் இருந்த மாதிரியே திரும்பச் செய்வான். செய்து முடிக்கும்வரை அந்த ஒன்பதடிக்குள்தான் குடியிருப்பான். முடித்ததும் விற்றுவிட்டு, அடுத்த ஓட்டைப் படகை வாங்கி அதில் ஏறிவிடுவான். கூரை ஒழுகும்வரைதான் அது அவனுக்கு வீடு. ஒழுகல் நின்றுவிட்டால் அது வேறொருவர் வீடு.

விற்கும்போது அவன் செய்கிற கூத்தைத்தான் சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி, எண்ணெய்ச் செலவைப் பற்றி ஆயிரம் கேள்வி வைத்திருப்பார்கள். இவன் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு இரண்டே இரண்டு கேள்வி கேட்பான்.

"படகை எங்க கட்டி வைப்பீங்க?"

"சமைப்பீங்களா?"

சமைக்கிற கேள்வி கரியடுப்பைப் பற்றியது என்று எல்லோரும் நினைத்தோம். அடுப்பை எரிக்காமல் விட்டால் அறையில் ஈரம் பிடிக்கும், அதற்காகக் கேட்கிறான் என்று. கட்டி வைக்கிற இடம் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் என்றால் முகம் சுருங்கிவிடும். லண்டனிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கேட்டதற்கு மேலேயே தருகிறேன் என்றார். படகை பாத் நகரத்துக்குக் கொண்டுபோவேன் என்றும் சொன்னார். வெர்னன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான். அதைவிடக் குறைவாகக் கொடுத்து, ஏழு மைல் தள்ளிக் கட்டி வைப்பேன் என்ற ஒரு தபால்காரருக்குக் கொடுத்தான். "யானைக்கு ஆள் தேடுற மாதிரி படகுக்குப் பாகன் தேடுறான்" என்று நாங்கள் கேலி செய்வோம். விற்றபின் மூன்று நாள் வாங்கினவர்களோடு கூடவே போய், நீர்மட்டம் மாறும் மதகுகளில் படகை ஏற்றி இறக்கக் காட்டிக்கொடுப்பான். நான்காம் நாள் சைக்கிளில் திரும்பி வருவான். அன்றைக்கு அவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

அந்தச் சைக்கிள்தான் எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். வாரத்தில் ஒருநாளாவது, பின்னால் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு கால்வாய்க்கரைப் பாதையில் மிதித்துப் போவான்.

"எங்கய்யா கிளம்பிட்ட?" என்று தொட்டிக்குள்ளிருந்து கத்துவேன்.

"டன்லின் படகுல சொட்டுதாம்."

"போன மாசமும் அதானே சொட்டிச்சு?"

"ஆமா."

"ஒரு தடவை ஒழுங்காப் பண்ணினா என்ன, கை தேஞ்சிடுமா?"

சைக்கிள் பாலத்தடியில் போய் மறைந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் வந்தது வினை. படகின் அடிவயிற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தார் பூச வேண்டும். அந்த வருடம் பார்த்து வெர்னன் விற்ற படகுகளில் மூன்று அடுத்தடுத்து என் தொட்டிக்கு வந்தன. முதலில் வந்தது டன்லின். அதன் சொந்தக்காரி ஹில்லரி, ஓய்வு பெற்ற நர்ஸ், புருஷனை இழந்தவள், எல்லோரையும் "கண்ணு" என்று கூப்பிடுகிறவள்.

ப்ரொப்பெல்லரின் தண்டு படகைவிட்டு வெளியே போகிற துளையில், தண்ணீர் உள்ளே வராமல் கிரீஸ் தோய்த்த கயிற்றை வளையம் வளையமாகச் செருகிப் பித்தளை நட்டால் இறுக்குவார்கள். ஐந்து வளையம் இருக்க வேண்டும். முன்பெல்லாம் வெளியே தார் பூசி அனுப்பிவிடுவேன்; அன்று திறந்து பார்த்தேன். மூன்றுதான் இருந்தது. படகு மூழ்கிவிடாது, பம்பு இருக்கிறது. ஆனால் ஆறு வாரம் ஓட்டினால் நட்டை மேலும் இறுக்க இடமிருக்காது, சொட்டத் தொடங்கும். அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குப் பித்தம் தலைக்கேறும். ஐந்து வளையமும் புதிதாகப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை.

அடுத்து வந்தது வேகா. வேகத்தைக் கூட்டும் சக்கரத்தின் சங்கிலியில் ஒரு கண்ணி அதிகமாக இருந்தது; இரண்டு மாதத்தில் தளர்ந்து வழுக்கிவிடும். கண்ணியை எடுத்தேன். மூன்றாவது, தபால்காரரின் படகான பெர்த். அதில் எண்ணெய்க் குழாயில் ஒரு வாஷரைக் காணோம். காற்று ஏறி மாதத்துக்கு ஒருமுறை இன்ஜின் நின்றுபோகும் என்று தபால்காரர் சொன்னார். நான் வாஷரைப் போட்டேன்.

"இத்தனை வருஷம் அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைஞ்சீங்களே, பாருங்க, ஒரு வாஷர்!" என்று அதை அவர் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினேன்.

தபால்காரர் வாஷரைப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. அதைக் கவனிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அந்த வாரம்தான் மதுக்கடையில் கோப்பையைத் தட்டினேன். வெர்னன் மூலையில் அரைக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! வெர்னன்கிட்டப் படகு வாங்குறவங்க மறக்காம ஒரு வாளியும் சேர்த்து வாங்கிக்கிடுங்க. வாளி வாங்க வசதியில்லன்னா நேரா என்கிட்ட வாங்க, சும்மாவே அடைச்சுத் தரேன்!"

கடையே சிரித்தது. வெர்னன் மிச்சத்தைக் குடித்து முடித்தான், கோப்பையைக் கொண்டுவந்து மேடையில் வைத்தான். "நல்லாத்தான் சொல்ற," என்றான். போய்விட்டான்.

மறுநாள் காலை தொட்டியின் விளிம்பில் வந்து நின்றான். நான் கீழே தார்ச் சட்டியோடு இருந்தேன்.

"டன்லின்ல கயிறு மாத்தினியா?"

"மாத்தினேன். அஞ்சு வளையம். இருக்க வேண்டிய அஞ்சு."

"வேகாவுல சங்கிலி?"

"ஒரு கண்ணி எடுத்துட்டேன்."

"பெர்த்துல வாஷர்?"

"யோவ், என்ன போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிற? எல்லாத்தையும் பார்த்தாச்சு. வெக்கப்பட வேண்டியவன் நீ."

"மத்த படகுங்க வருதா?"

"நேத்துக் கடையில கேட்டதுலேர்ந்து நாலு பேர் நாள் குறிச்சிட்டாங்க. சும்மா பண்ணித் தரேன்னா விடுவாங்களா?"

வெர்னன் தொட்டியின் விளிம்பில் குந்தினான்.

"நல்லாத்தான் பண்ணியிருப்ப," என்றான். "அஞ்சு வளையம்னா ரெண்டு வருஷம் தாங்கும்."

"மூணு!" என்றேன் நான்.

"மூணு," என்று ஒத்துக்கொண்டான்.

வசந்தம் முடிவதற்குள் பதினொரு படகும் என் தொட்டியைப் பார்த்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒன்று, ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் கடிகாரம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்படி இழைத்து வேலை செய்கிறவன் ஒரு வாஷரை மறப்பானா? அதுவும் பதினொரு தடவை? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மூக்கே தெரியவில்லை.

மே மாதம் வெர்னன் பன்னிரண்டாவது படகை விற்றான். லீட்ஸிலிருந்து ஒருவர் வந்தார், நூறு மைலுக்கு மேல். எங்கே கட்டுவீர்கள் என்று வெர்னன் கேட்கவில்லை. சமைப்பீர்களா என்றும் கேட்கவில்லை. மூன்று நாள் கூடப் போகவும் இல்லை. சாவியைக் கொடுத்தான், கயிற்றை அவிழ்த்துவிட்டான், படகு திரும்புமுன் அவனே திரும்பிவிட்டான். போவதற்கு முன் அந்தப் படகை நான் பார்த்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. என் திட்டு வேலை செய்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு பதின்மூன்றாவதாக ஓர் ஓட்டையை வாங்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டினான். என் தொட்டியிலிருந்து இருநூறு கஜம்கூட இருக்காது. அதிலிருந்து சுத்தியல் சத்தம் வரவில்லை. சைக்கிள் கூரை மேல் படுத்தே கிடந்தது, சங்கிலி துருவேறிச் சிவந்துவிட்டது. வெர்னன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவான், வருவான். கை தூக்கினால் கை தூக்குவான். வயதாகிறது, ஓய்வெடுக்கிறான் என்று நான் எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஹில்லரி துறைக்குக் கரி மூட்டை வாங்க வந்தாள்.

"டன்லின் எப்படி ஓடுது?" என்றேன். பாராட்டுக்காகத்தான் கேட்டேன்.

"சொட்டவே மாட்டேங்குது கண்ணு," என்றாள், குறை சொல்வது போல.

"அதுக்கா மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க?"

அவள் கரி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெர்னன் வருவாரு. வேலை என்னவோ பத்து நிமிஷம்தான். பத்து மணிக்கு வந்தா நாலு மணி வரைக்கும் இருப்பாரு. ஈரலும் வெங்காயமும் வறுப்பேன். பாதி வேலையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்னு மிச்சம் வச்சிருவாரு."

"அவன்கூட ஆறு மணி நேரம் என்னத்தைப் பேசுவீங்க?"

"அவரு இன்ஜினைப் பத்திப் பேசுவாரு. நான் என் வீட்டுக்காரரைப் பத்திப் பேசுவேன். ரெண்டு பேரும் மத்தவர் சொல்றதைக் காதுல வாங்க மாட்டோம். அது பாட்டுக்கு நல்லா இருக்கும்."

"சும்மா வரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேனே, மார்ச்சுல. 'என்ன ரிப்பேரு?'ன்னாரு. ஒண்ணுமில்லையேன்னேன். 'ரொம்ப சந்தோஷம்'னு சொல்லி போனை வச்சிட்டாரு. ரிப்பேர் இல்லாத இடத்துக்கு எப்படிப் போறதுன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது கண்ணு. எனக்கும் அதுக்கு மேல எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல. நாம என்ன, கட்டிப்பிடிச்சு வளர்ந்தவங்களா?"

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. நான் அத்தனை மட்டி. "அவன் அரைகுறையா வேலை பார்த்ததை நீங்க என்னமோ..." என்று ஆரம்பித்தேன்.

"நான் நாப்பது வருஷம் நர்ஸா இருந்தவ, நெவில். ஒரு காயம் ஆறாமலே இருந்தா, யாரோ அதைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம்."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

"ரெண்டாவது தடவை வந்தப்பவே. பையிலேர்ந்து எண்ணி மூணு வளையம் எடுத்தாரு. அஞ்சு போடணும்னு எனக்கும் தெரியும். படகு வாங்கினா அதைப் பத்திப் படிக்க மாட்டேனா?"

"கேட்டிருக்கலாமே?"

"எதுக்குக் கேக்கணும்? எனக்கும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் வராரில்ல?" எழுந்து பாவாடையில் ஒட்டிய கரியைத் தட்டினாள். "நீ நல்ல எண்ணத்துலதான் பண்ணின. நான் குத்தம் சொல்லல. ஆனா யாரும் உன்னைக் கேக்கலையே கண்ணு."

அவள் போனபின் நான் தொட்டிக்குள் இறங்கி வெறுமனே நின்றேன். பதினொரு படகு. ஒன்றுக்கு ஆறு வாரம், ஒன்றுக்கு ஒரு மாதம், ஒன்றுக்கு இரண்டு மாதம். அதனால்தான் பன்னிரண்டு மைல்: அதற்கு மேல் என்றால் வேலையும் சாப்பாடும் முடித்துச் சைக்கிளில் திரும்ப ஒரு பகல் போதாது. அதனால்தான் "சமைப்பீங்களா". படகை விற்றுவிட்டு, ஒவ்வொன்றிலும் தனக்கென்று ஒரு நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தான் அவன். நான் ஊரைக் கூட்டிச் சொல்லி, ஓசியில், பதினொரு நாற்காலியையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அன்று எனக்கு வந்த வெட்கத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் குடியிருப்பதும் படகில்தான். என் மனைவி ஐரீன், கால் நனையாத ஒரு வீட்டில் கொஞ்ச நாளாவது வாழ வேண்டும் என்று சொல்லி ரக்பி என்ற ஊரில் இருக்கும் அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள். அதற்கு அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. கோபமில்லை, விவாகரத்து இல்லை, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். அவ்வளவுதான். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

அந்த வாரமே என் படகின் தண்டுத் துளையைத் திறந்து ஐந்தில் இரண்டு வளையங்களைக் கொக்கி போட்டு உருவினேன். முப்பது வருடத்தில் நான் செய்த முதல் கெட்ட வேலை. கை கூசியது. சொட்ட ஆரம்பித்ததும் பாலம் தாண்டிப் போய் வெர்னனின் கூரையைத் தட்டினேன்.

"என் படகுல தண்ணி வருதுய்யா. எனக்கு முட்டி மடங்கல, உள்ள குனிய முடியல. கொஞ்சம் வந்து பாரேன்."

அவன் கண்ணில் ஏதோ வந்தது. பையை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தான். நான் ஈரல் வறுக்க எல்லாம் நறுக்கி வைத்திருந்தேன், பெரிய ராஜதந்திரி மாதிரி.

விளக்கை அடித்துத் துளையைப் பார்த்தான். நட்டைப் பார்த்தான். பெருவிரலால் அதைத் தடவினான். பிறகு வேலையைத் தொடங்கினான். பழையது முழுவதையும் எடுத்தான். ஐந்து புது வளையம் வெட்டினான். ஒவ்வொன்றின் வெட்டுவாயும் ஒன்றுக்கொன்று மாறி வரும்படி செருகினான். நான் போட்டிருந்தால்கூட அத்தனை சுத்தமாக வந்திருக்காது. இருபது நிமிடத்தில் முடித்துக் கையைத் துடைத்தான்.

"ஈரல் போடுறேன், உக்காரு," என்றேன்.

"சாப்பிட்டுட்டேன்." காலை பத்தரை மணி. "நட்டுல ஸ்பேனர் பட்ட கீறல் புதுசா இருக்கு, நெவில்."

நான் நறுக்கின ஈரலை ஓரமாக நகர்த்தினேன்.

"ஹில்லரி சொன்னாங்களா?" என்றான்.

"வெர்னன், அன்னிக்குக் கடையில நான் பேசினது தப்புய்யா."

"என்ன தப்பு? சொட்டத்தானே செஞ்சுது." கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தான். "நான் கெடுத்தது என் வேலையை. நீ எனக்காக உன் வேலையைக் கெடுத்துக்காதே. பார்க்க நல்லால்ல." படியில் ஏறியபின் திரும்பினான். "மூணு வருஷம் தாங்கும். அதுவரைக்கும் உனக்கு நான் வேண்டியிருக்காது."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரசீது எழுதிக் கொடுப்பது போலச் சொன்னான்.

இரண்டு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தேன். பிறகு ஒரு துண்டுத்தாளில் "ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வா. நெவில்" என்று எழுதி அவன் கதவிடுக்கில் செருகினேன். பொய் வேண்டாம், சாப்பிடத்தான் கூப்பிடுகிறேன் என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவது என்று திட்டம். மாட்டிறைச்சியை அவனுக்காகவே வாங்கினேன். உருளைக்கிழங்கோடு அடுப்பில் வைத்தேன். ஐரீன் போனபின் அந்தப் பெரிய தட்டை எடுத்தது அன்றுதான். தூசியாக இருந்தது, கழுவினேன்.

பன்னிரண்டுக்கு வந்தான். தலையை வாரியிருந்தான். தோளில் கருவிப் பை. படகில் ஏறாமல் கரையிலேயே நின்றான்.

"என்ன உடைஞ்சிருக்கு?"

"ஒண்ணும் உடையல. சாப்பாடு போட்டிருக்கேன். வா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஞாயித்துக்கிழமை. பசிக்கும். மனுஷன் சாப்பிடுவான்."

யோசித்தான். அவன் யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கணக்கு ஒத்துவராதவன் மாதிரிக் கீழே பார்த்தான், படகைப் பார்த்தான், புகைபோக்கியைப் பார்த்தான்.

"உடையலன்னா நான் தேவையில்லையே," என்றான். மரியாதையாக ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

இவ்வளவு தூரம் வந்தும் எனக்குப் புரியாத ஒன்று அவன் முதுகைப் பார்த்தபோது புரிந்தது. இந்தத் திட்டம், ஈரல், கழுவின தட்டு எல்லாம் அவனுக்காக என்று நான் எனக்கே கதை விட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாகப் படகுக்குள் என்னைத் தவிர ஒரு இருமல் சத்தம் கிடையாது. பதினொரு வீட்டில் அவனுக்குச் சோறு கிடைத்த காலத்திலும் எனக்கு ஒரு வீடு கிடையாது. அவன் நடந்துகொண்டே இருந்தான். எனக்கு வந்த வருத்தம், எப்போதும் போல, உடனே கோபமாக மாறிவிட்டது.

"யோவ் வெர்னன்! நில்லுய்யா!"

வாடகைப் படகொன்று ஆறேழு பேரோடு மெதுவாக வந்துகொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"எனக்கு யாரும் இல்லய்யா! ஆறு வருஷமா ஒத்தையா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கேன்! அந்தச் சுவத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்னு எனக்குச் சோறே வெறுத்துப் போச்சு! உடைஞ்சது என்னன்னு கேட்டியே, இதான்! போதுமா?"

வெர்னன் நின்றான். வாடகைப் படகு தாண்டிப் போகும்வரை நின்றான். பிறகு திரும்பி, என் முகத்தை முதல்முறை பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"ஆறு வருஷமா?"

"ஆமா."

"நான் உன் படகைத் தாண்டித்தானே வாரா வாரம் போனேன்," என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

அவன் கரைக்கும் படகுக்கும் நடுவில் இருந்த பலகையில் காலை வைத்தான், பலகை நடுவில் கொஞ்சம் தாழ்ந்தது, ஏறி உள்ளே வந்தான். நான் கத்திக்கொண்டிருந்ததில் உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கருகிவிட்டிருந்தது. இரண்டு தட்டிலும் பாதிப் பாதி போட்டேன். கருகினதையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.